சாவிக்கொத்து எந்தத் துணிக்கு அடியில?

நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். இன்னிக்கு நைட் டியூட்டி கொஞ்சம் அமைதியா போகுது. நீளமான த்ரெட் தான். வீட்ல ஒரு வயசுக்குள்ள குழந்தை இருக்கறவங்க பொறுமையா படிங்க.

அப்போ நான் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல மெடிக்கல் ஆபீசர். அன்னிக்கு புதன்கிழமை. புதன்கிழமைன்னா நம்ம ஊர்ல தடுப்பூசி நாள். ஹால் முழுக்க அழுகைச் சத்தம், ஒரு பக்கம் எடை பார்க்கிற தராசு, ஒரு பக்கம் ரெஜிஸ்டர். நான் ஓபி பார்த்துக்கிட்டே நடுநடுவுல குழந்தைகளையும் பார்த்துட்டு இருந்தேன்.

ஒரு அம்மா உள்ள வந்தாங்க. வயசு 22, 23 இருக்கும். இடுப்புல பையன். 9 மாசத் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு வந்திருக்காங்க.

"சார், இவனுக்கு ஞாபகமே நிக்க மாட்டேங்குது சார்."

சிரிச்சுட்டேன். "ஒன்பது மாசப் புள்ளைக்கு என்னம்மா ஞாபகம் வேணும்?"

"இல்ல சார், யூடியூப்ல பார்த்தேன். ரெண்டு கிண்ணத்தைக் கவுத்து வச்சு ஒண்ணுல பொம்மைய ஒளிக்கிறாங்க. அந்தக் குழந்தை கரெக்டா எடுக்குது. இவன் தப்பான கிண்ணத்தையே திறக்கிறான். எங்க அத்தை பார்த்துட்டு, புள்ள மந்தம்னு சொல்லிட்டாங்க."

இந்த இடத்துல நான் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து பேசியிருக்கணும். பேசல. வெளிய இன்னும் 60 பேர் நிக்கிறாங்க. சரி, நாமளே டெஸ்ட் பண்ணிடுவோம்னு பைக் சாவிக்கொத்தை எடுத்தேன். டேபிள் மேல ரெண்டு சின்னத் துணி. இடது பக்கத் துணிக்கு அடியில சாவியை வச்சேன். "இங்க பாரு தங்கம், இங்க பாரு"ன்னேன். பையன் துணியை இழுத்து சாவியை எடுத்துட்டான். மறுபடி அதே இடம். எடுத்தான். மூணாவது தடவையும் எடுத்தான். இப்போ அவன் கண்ணு முன்னாடியே வலது பக்கத் துணிக்கு அடியில வச்சேன்.

அதே நேரம் சிஸ்டர் ரெஜிஸ்டரோட வந்தாங்க. கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பினேன். பையனை டேபிள் பக்கம் நகர்த்தச் சொன்னேன். அவன் நேரா இடது பக்கத் துணியை இழுத்தான். ஒண்ணும் இல்ல. மறுபடி வலதுல வச்சேன். மறுபடி இடது பக்கம்.

"கொஞ்சம் டிலே மாதிரி தெரியுதும்மா. எதுக்கும் மாவட்ட மையத்துல காட்டிடுங்க."

சீட்டுல 'டெவலப்மெண்டல் டிலே'ன்னு எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மொத்தமே மூணு நிமிஷம் இருக்காது.

மூணு மாசம் கழிச்சு அதே அம்மா, அதே பையன். இருமல், காய்ச்சல்னு ஓபிக்கு வந்தாங்க. கையில ஒரு ஃபைல். மாவட்ட மையத்துல எல்லாத்தையும் பார்த்துட்டு, வயசுக்கு ஏத்த வளர்ச்சி நல்லா இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்தாங்க.

"அப்புறம் என்னம்மா, சந்தோஷம் தானே?"ன்னேன்.

அந்தப் பொண்ணு சொன்னது இது. நான் சீட்டு கொடுத்த நாள்ல இருந்து அங்க போய் காட்டுற வரைக்கும் ரெண்டு வாரம் ஆகியிருக்கு. வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை, உடனே வர முடியல. மாசமா இருக்கும்போது போனையே பார்த்துட்டு இருந்தே, அதான் புள்ள இப்படின்னு வீட்ல பேச்சு. மெடிக்கல்ல போய் ஏதோ மெமரி டானிக்னு ரெண்டு பாட்டில் வாங்கியிருக்காங்க. அதோட, தினமும் அந்தக் கிண்ணத்தை வச்சு அவனுக்குப் பயிற்சி. காலையில 20 தடவை, சாயங்காலம் 20 தடவை.

"அப்புறம் கிண்ணத்தைப் பார்த்தாலே அழ ஆரம்பிச்சுட்டான் சார்."

என்னைத் திட்டவே இல்ல. சாதாரணமா சொன்னாங்க. எனக்குத்தான் அவங்க முகத்தைப் பார்க்க முடியல.

அப்போதான் பையனோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. உள்ளங்கையும் அப்படித்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தா ஹீமோகுளோபின் 8.1. மூணு மாசம் முன்னாடி சாவியை ஒளிச்சு வச்சு விளையாடின டாக்டர், இமையை இழுத்துப் பார்க்கல. அதுக்கு பத்து விநாடி போதும். இதைப் பத்தி கீழ சொல்றேன்.

முதல்ல அந்த சாவி விஷயம்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் படிக்க ஆரம்பிச்சேன். எம்பிபிஎஸ்ல குழந்தை மருத்துவப் பாடத்துல எத்தனை மாசத்துல கழுத்து நிக்கும், எப்போ உட்காரும், எப்போ பேசும்னு மனப்பாடம் பண்ணியிருப்போம். மறைச்ச பொருளைத் தேடுமா தேடாதாங்கறது அதுல ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 90 வருஷக் கதை இருக்கு.

நான் பையன்கிட்ட செஞ்சது என் கண்டுபிடிப்பும் இல்ல, யூடியூப் கண்டுபிடிப்பும் இல்ல. ழான் பியாஜேன்னு ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியலாளர். 1920, 30களில் தன்னோட சொந்தக் குழந்தைகள் மூணு பேரையும் மணிக்கணக்கா உட்கார்ந்து கவனிச்சு எழுதி வைத்தவர். ஒரு பொருளை முதல் இடத்தில் சில தடவை ஒளித்து, குழந்தையை எடுக்க விட்டு, பிறகு அதன் கண் முன்னாலேயே இரண்டாவது இடத்தில் ஒளித்தால், 8 மாதத்துக்கு மேல் ஒரு வயது வரை உள்ள குழந்தை பெரும்பாலும் முதல் இடத்திலேயே போய்த் தேடுகிறது. இதைப் பார்த்து எழுதினவர் பியாஜே. 1937ல் வந்த அவரோட புத்தகத்தில் இருக்கிறது.

அதாவது, நான் 'டிலே'ன்னு எழுதினேனே, அது அந்த வயசுக் குழந்தை செய்யற சாதாரணத் தப்பு. உலகம் முழுக்க எல்லாக் குழந்தையும் செய்யும். உங்க குழந்தையும் செய்யும். செஞ்சிருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.

ஏன் அப்படி? அந்த இடத்துலதான் பொருள் இருக்கும், நான் தேடி எடுக்கறதாலதான் அது அங்க இருக்குன்னு குழந்தை நினைக்குதுன்னு பியாஜே சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதோட நிறுத்திக்கல.

அடெல் டயமண்ட் என்கிற ஆராய்ச்சியாளர் 25 குழந்தைகளை 6 மாத வயசில் இருந்து ஒரு வயசு வரை, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இதே சோதனையைச் செய்து தொடர்ந்து பார்த்தார். 1985ல் வெளியானது. அவர் கவனித்தது ஒளித்து வைத்ததற்கும் கையை நீட்ட விட்டதற்கும் நடுவே உள்ள நேரம். ஏழரை மாதக் குழந்தைக்கு 2 விநாடி கூடத் தாங்காது, தப்பான பக்கம் கை போய்விடும். 9 மாதத்தில் ஏறத்தாழ 5 விநாடி. ஒரு வயதில் 10 விநாடியையும் தாண்டும். சராசரியா மாசத்துக்கு 2 விநாடி வீதம் ஏறிட்டே போகுது. அதே குழந்தைக்கு அந்த இடைவெளியைக் குறைச்சுப் பாருங்க, சரியா எடுத்துடும். ரெண்டு மூணு விநாடி கூட்டிப் பாருங்க, திரும்பத் தப்புப் பண்ணும்.

இதைப் படிச்சப்போ நான் கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. ரெஜிஸ்டரை வாங்கி, பேனாவைத் தேடி, கையெழுத்துப் போட்டு, சிஸ்டர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசித் திரும்ப 15 விநாடியாவது ஆகியிருக்கும். 5 விநாடி தாங்கற பையன்கிட்ட 15 விநாடி கடன் கேட்டுட்டு, உனக்கு ஞாபகமே இல்லன்னு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கேன்.

இதுல இன்னொரு அழகான விஷயம் இருக்கு. சில குழந்தைகள் கண்ணால சரியான இடத்தைப் பார்த்துக்கிட்டே கையைத் தப்பான பக்கம் நீட்டும். டயமண்ட் இதைக் கவனிச்சு எழுதியிருக்காங்க. கண்ணுக்குத் தெரிஞ்சது கைக்குத் தெரியல. மூணு தடவை இடது பக்கம் போய்ப் பழகின கை, அந்தப் பழக்கத்துலயே போகுது. அதை நிறுத்தணும், கூடவே சாவி எங்கன்னு மனசுல பிடிச்சு வச்சுக்கவும் செய்யணும். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யறது மூளையின் முன் பகுதி, நம்ம நெத்திக்குப் பின்னாடி இருக்கறது. பிறந்தப்புறம் மெதுவா, வருஷக்கணக்கா முதிர்ச்சி அடையற பகுதி அது. வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்கு அந்தப் பகுதியை அறுவை சிகிச்சையில் நீக்கிட்டு இதே சோதனையைச் செஞ்சு பார்த்திருக்காங்க. டயமண்டும் பாட்ரிசியா கோல்ட்மன்-ராகிச்சும் சேர்ந்து செய்த வேலை, 1989ல் வந்தது. வளர்ந்த குரங்கு, 2 முதல் 5 விநாடி இடைவெளியிலேயே, நம்ம 8 மாசக் குழந்தை மாதிரியே பழைய இடத்துல போய்த் தேடுச்சு.

என் தப்பு இன்னும் முடியல. 2008ல் ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை போட்டாங்க. 10 மாதக் குழந்தைகள். குழந்தையின் கண்ணைப் பார்த்து, பேர் சொல்லி, சிரிச்சு ஒளிச்சு வச்சா தப்பு அதிகமா வருது. முகத்தைத் திருப்பிக்கிட்டு, பேசாம ஒளிச்சு வச்சா தப்பு குறையுது. ஏன்னா குழந்தை நம்மகிட்ட பாடம் கத்துக்குது. 'இங்க பாரு தங்கம்'னு மூணு தடவை நான் சொன்னதை, 'இந்தப் பொருளோட இடம் இதுதான்'னு அவன் எடுத்துக்கிட்டிருக்கலாம். சொல்லிக் கொடுத்ததைச் சரியாக் கத்துக்கிட்ட புள்ளைக்கு நான் ஃபெயில் போட்டிருக்கேன்.

எஸ்தர் தெலனும் லிண்டா ஸ்மித்தும் செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் இடத்துல ஒளிக்கும்போது குழந்தையை மடியில உட்கார வச்சுட்டு, இரண்டாவது இடத்துக்கு மாத்தும்போது அதைத் தூக்கி நிக்க வச்சாங்க. அவ்வளவுதான். தப்பு குறைஞ்சு போச்சு. உடம்பு நிலை மாறினதும் கையோட பழைய பழக்கம் அறுந்து போகுது. ஞாபகம்னா தலைக்குள்ள இருக்கற ஒரு டப்பான்னு நினைச்சுட்டு இருந்த எனக்கு இது புதுசு.

சரி, எத்தனை விநாடின்னு பார்த்தோம். எத்தனை பொருள்?

கலர் கட்டங்களைத் திரையில விட்டு விட்டுக் காட்டி, ஒரு பக்கம் மட்டும் ஒரு கட்டத்தோட கலரை மாத்திக்கிட்டே இருப்பாங்க. நடுவுல இருக்கற இடைவெளி கால் விநாடி. அந்தக் கால் விநாடி பழைய கலரை மனசுல வச்சிருந்தாத்தான் மாறுதுன்னு தெரியும். தெரிஞ்சா குழந்தை அந்தப் பக்கத்தையே அதிக நேரம் பார்க்கும். பேச்சு வராத குழந்தைகிட்ட கேள்வி கேட்க இப்படித்தான் வழி கண்டுபிடிச்சிருக்காங்க. 2003ல் வந்த இந்த ஆய்வில் 4 மாதம், ஆறரை மாதக் குழந்தைகளுக்கு ஒரே ஒரு கட்டம் இருந்தால்தான் மாற்றம் தெரிந்தது. 10 மாதம், 13 மாதக் குழந்தைகளுக்கு நாலு கட்டம் இருக்கும்போதும் தெரிந்தது. ஆறரைக்கும் பத்துக்கும் நடுவுல, அந்த மூணரை மாசத்துல இவ்வளவு பெரிய தாவல்.

அடுத்தது பிஸ்கட் சோதனை. சூசன் கேரி, லிசா ஃபைகன்சன் இவங்க செஞ்சது. 10, 12 மாதக் குழந்தைகள். ரெண்டு டப்பா. குழந்தை பார்க்கப் பார்க்க ஒரு டப்பாவுல ஒரு பிஸ்கட், இன்னொண்ணுல ஒவ்வொண்ணா ரெண்டு பிஸ்கட் போடறாங்க. உள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பார்க்க முடியாது. குழந்தையை விட்டா, ரெண்டு இருக்கற டப்பாவுக்குத் தவழ்ந்து போகுது. ரெண்டா மூணான்னா மூணுக்குப் போகுது. ரெண்டா நாலான்னா? சும்மா எதையாவது தேர்ந்தெடுக்குது! நாலு, ரெண்டை விட இரட்டிப்பு. நமக்குப் பளிச்சுனு தெரியும். ஆனா ஒரு பக்கம் மூணைத் தாண்டிப் போச்சுன்னா அந்த வயசுக் குழந்தையால ஒவ்வொண்ணாக் கணக்கு வச்சுக்க முடியல. வீட்ல செஞ்சு பார்க்கறவங்க பிஸ்கட்டுக்குப் பதிலா வாழைப்பழத் துண்டு வைங்க. நான் பிஸ்கட்டுக்கு எதிரி, அது வேற த்ரெட்.

இன்னும் ஒண்ணு, இடம் பத்தின ஞாபகம். லிண்டா அக்ரிடோலோ 1978ல் செய்த வேலை. பெல் அடிச்சதும் ஒரு பக்கத்து ஜன்னல்ல ஆள் தலை காட்டுவாங்க. குழந்தை அந்தப் பக்கம் திரும்பப் பழகிடும். அப்புறம் குழந்தையை அறையோட எதிர்ப்பக்கம் கொண்டுபோய் உட்கார வச்சு பெல் அடிக்கறாங்க. 6 மாதக் குழந்தையும் 11 மாதக் குழந்தையும் பெரும்பாலும் பழையபடி அதே கைப்பக்கம்தான் திரும்புச்சு. இப்போ ஜன்னல் மறுபக்கம் இருக்கு, ஆனா அதுக்கு 'என் இடது பக்கம்'னுதான் ஞாபகம். 16 மாதத்தில்தான் சரியான ஜன்னலைப் பார்த்துச்சு. வீடு, ஜன்னல், பீரோ எல்லாம் தன் இடத்துலயே இருக்கு, நான்தான் நகர்ந்திருக்கேன்னு புரியறது அவ்வளவு பெரிய வேலை. அதுல தவழறதுக்கும் பங்கு இருக்கு. தவழ ஆரம்பிச்ச குழந்தைகள், அதே வயசுல இன்னும் தவழாத குழந்தைகளை விட ஒளிச்ச பொருளை நல்லாக் கண்டுபிடிக்குதுன்னு ஜோசப் காம்போஸ் குழுவோட ஆய்வு இருக்கு. தரையில விடுங்க. பாய் விரிச்சு விடுங்க. தவழட்டும். சக்கரம் வச்ச வாக்கர் மட்டும் வாங்காதீங்க. படிக்கட்டுல உருண்டு தலையில அடிபட்டு வர்ற குழந்தைகளை நான் பார்த்துட்டேன். கனடாவுல 2004லயே விற்பனையைத் தடை செஞ்சுட்டாங்க.

இப்போ அந்த இமை.

சாவியைத் தேடாதது நோய் இல்லன்னு ஆகிப் போச்சு. ஆனா உண்மையான பிரச்சனை ஒண்ணு அந்தப் பையன்கிட்ட இருந்தது, அதை யாரும் கேக்கல. அந்த அம்மாவும் கேக்கல, அவங்க அத்தையும் கேக்கல, நானும் கேக்கல. என்னம்மா சாப்பாடு கொடுக்கறீங்கன்னு அன்னிக்குத்தான் கேட்டேன். தாய்ப்பால், அரிசிக் கஞ்சி, பால்ல ஊறவச்ச பிஸ்கட். கீரை சளி பிடிக்கும், முட்டை சூடு, பருப்பு செரிக்காதுன்னு எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருந்தாங்க. கிராம சுகாதார செவிலியர் கொடுத்த இரும்புச்சத்து சிரப் பாட்டில் அலமாரியில அப்படியே இருக்கு. ஆய் கருப்பாப் போச்சுன்னு பயந்து நிறுத்திட்டாங்களாம்.

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2019-21ல், இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 சதவீதம். ரெண்டு குழந்தையில ஒண்ணுக்கு மேல. பிறக்கும்போது அம்மாகிட்ட இருந்து கொண்டு வர்ற இரும்புச்சத்து சேமிப்பு சுமார் ஆறு மாசத்துல கரைய ஆரம்பிக்கும். தாய்ப்பால்ல இரும்பு கம்மி. அதே மாசங்கள்லதான் மூளை மேல சொன்ன தாவலை எல்லாம் தாவுது. நரம்புகளுக்கு உறை போடறதுக்கும், செய்தி கடத்துற வேதிப்பொருள் தயாரிக்கறதுக்கும் இரும்பு வேணும். கோஸ்டா ரிகாவில் பெட்ஸி லோசாஃப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்ச குழந்தைகளில், கைக்குழந்தை வயசில் கடுமையான, நீண்ட நாள் இரும்புக் குறைபாடு இருந்தவர்கள், சிகிச்சைக்குப் பிறகும் பெரியவர்களான காலத்தில் சில சோதனைகளில் பின்தங்கியே இருந்தார்கள். அதனாலதான் எனக்கு அந்த மூணு மாசம் உறுத்துது.

அந்தப் பையனுக்கு ரத்தசோகையாலதான் சாவி கிடைக்கலன்னு நான் சொல்ல வரல. சாவி விஷயத்துல அவன் வயசுக்குச் சரியாத்தான் இருந்தான். ரெண்டும் வேற வேற. ஒண்ணைப் பெருசாப் பார்த்து இன்னொண்ணை விட்டுட்டேன். மெமரி டானிக் பாட்டில் ரெண்டையும் ஓரமா வைக்கச் சொல்லிட்டு, எடைக்கு ஏத்தபடி தினமும் இரும்பு மருந்து ரெண்டு மாசம் கொடுத்தோம். ஆய் கருப்பாத்தான் போகும், பயப்படாதீங்கன்னு இந்தத் தடவை மறக்காம சொன்னேன். முட்டை மஞ்சள் கரு, முருங்கைக்கீரை, பருப்பு, சுவரொட்டி எல்லாம் மசிச்சுக் கொடுக்கச் சொல்லி, கூட வந்திருந்த அவங்க அத்தையையும் உட்கார வச்சுப் பேசினேன். "அத்தை, மந்தம் இல்ல, ரத்தம் கம்மி"ன்னு அந்தப் பொண்ணு சொன்ன தொனி இன்னும் காதுல இருக்கு. அதுல கொஞ்சம் வெற்றி இருந்துச்சு.

சத்துக் குறைவு வர்றதுக்கு முன்னாடியே தடுக்கறதுக்கு, 6 மாதம் முடிஞ்ச எல்லாக் குழந்தைக்கும் வாரத்துக்கு ரெண்டு நாள், 1 மிலி இரும்பு-ஃபோலிக் அமில சிரப் அரசே இலவசமாக் கொடுக்குது. 5 வயசு வரைக்கும். உங்க செவிலியர்கிட்ட கேட்டு வாங்குங்க.

அப்போ எதுக்குத்தான் பயப்படணும்? இதைச் சொல்லலன்னா எல்லாரும் இன்பாக்ஸ்ல வருவீங்க. 9 மாச வாக்குல, கையில இருந்து விழுந்த ஸ்பூனைக் குனிஞ்சு தேடும். ஒரு வயசுல, அது பார்க்கும்போதே துணிக்கு அடியில வச்ச பொருளைத் தேடி எடுக்கும். எடுக்கற இடம் தப்பா இருக்கலாம், அது பரவாயில்ல. தேடணுங்கற முயற்சியே ஒரு வயசு ஆகியும் இல்லன்னாலோ, கூடவே பேர் சொன்னா திரும்பல, பிடிமானம் இல்லாம உட்காரல, முகம் பார்த்துச் சிரிக்கலன்னாலோ கட்டாயம் காட்டுங்க. ஒரு நாள் செஞ்சதை அப்புறம் செய்யாம விட்டாலும் காட்டுங்க. கண் சரியாத் தெரியாத குழந்தையும் தேடாது, அதையும் மறந்துடாதீங்க. 2013ல் தொடங்கின தேசிய சிறார் நலத் திட்டத்துல இதுக்காகவே மாவட்ட அளவுல ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கு. எல்லாம் இலவசம். நான் அங்க அனுப்பினது தப்பே இல்ல, அங்க போகப் பயப்படாதீங்க. கேள்விக்குறி போட்ட ஒரு வார்த்தையை 22 வயசுப் பொண்ணு கையில கொடுத்து, விளக்கம் ஒண்ணும் சொல்லாம பஸ் ஏத்தி விட்டதுதான் தப்பு.

எனக்கு இப்போ ஒரு பொண்ணு. 8 மாசம் ஆனப்போ நானும் பியாஜே ஆகிட்டேன். தாலுகா ஆஸ்பத்திரியில 24 மணி நேர டியூட்டி முடிச்சு வீட்டுக்கு வருவேன். வர்ற வழியெல்லாம் ஒரே கவலை, ஒரு நாள் முழுக்கப் பார்க்கலயே, 3 விநாடி ஞாபகம் வச்சுக்கற வயசு, என்னை மறந்துட்டா என்ன பண்றது?

படிச்ச முட்டாள்தனம். இந்த விநாடிக் கணக்கு வேற, ஆளை அடையாளம் வச்சுக்கற ஞாபகம் வேற. கரோலின் ரோவீ-கோலியர்னு ஒரு உளவியலாளர். தன் கைக்குழந்தை அழாம இருக்கறதுக்காக, தொட்டில் மேல தொங்கற பொம்மையில இருந்து ஒரு ரிப்பனை அவன் கால்ல கட்டி விட்டாங்க. காலை உதைச்சா பொம்மை ஆடும். அடுத்த நாள் பார்த்தா, தொட்டில்ல போட்டதும் உதைக்க ஆரம்பிச்சுட்டான். அம்மா வேலை பார்க்க நேரம் தேடினதுல ஒரு பெரிய ஆராய்ச்சியே பிறந்துச்சு. 3 மாதக் குழந்தைகள் இந்த வித்தையை ஏறத்தாழ ஒரு வாரமும், 6 மாதக் குழந்தைகள் ரெண்டு வாரமும் ஞாபகம் வச்சிருந்ததாக் கண்டாங்க. வாரக்கணக்கா நிக்கற ஞாபகமும் உண்டு, விநாடியில நழுவற ஞாபகமும் உண்டு, ரெண்டும் ஒரே சின்னத் தலைக்குள்ள.

அன்னிக்கு ஓபில அந்தப் பையனோட அம்மா தண்ணி குடிக்கக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் அவன் வீறிட்டு அழுதான். கண்ணுக்குத் தெரியாத அம்மா இருக்காங்கன்னு தெரிஞ்சதாலதானே அழுதான்? என் முன்னாடியே நடந்துச்சு. நான் ஊசி பயம்னு நினைச்சேன்.

போன வாரம் பொண்ணுக்கு 9 மாசம் முடிஞ்சுது. ரெண்டு கர்ச்சீப், அதே பைக் சாவி. இடது பக்கம் ரெண்டு தடவை ஒளிச்சேன், எடுத்தா. வலது பக்கம் மாத்தினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிட்டு நகர்த்தினேன். வலது பக்கம் எடுத்துட்டா. அடுத்த தடவை எட்டு வரைக்கும் எண்ணினேன். கண்ணு வலது பக்கத் துணி மேலயே இருக்கு. கை மட்டும் மெதுவா இடது பக்கம் போச்சு. வெறும் துணியைத் தூக்கிப் பார்த்துட்டு என்னைப் பார்த்தா. நீதானே எடுத்தேங்கற மாதிரி ஒரு பார்வை.

"புள்ளைய வச்சு என்ன ஆராய்ச்சி, போய்த் தூங்குங்க"ன்னு மனைவி சாவியைப் பிடுங்கி ஆணியில மாட்டிட்டாங்க. பொண்ணு ரொம்ப நேரம் அந்த ஆணியையே பார்த்துட்டு இருந்தா.

கேள்வி இருந்தா கேளுங்க. கேஸ் வந்திருக்கு, காலையில டியூட்டி முடிச்சுட்டு பதில் போடறேன்.